சென்னை பஸ்ஸில் வராத பார்சல்

நைனாவின் விசில் என்னிடம்தான் இருக்கிறது. அவலூர்பேட்டை பஸ்ஸில் கண்டக்டராக இருந்த காலமெல்லாம் ஊதி ஊதி, வாய் வைக்கும் இடத்தில் முலாம் போய்ப் பித்தளை தெரியும். நுரையீரலில் புற்றுநோய் என்று புதுச்சேரி ஆஸ்பத்திரியில் சொன்ன பிறகு ஒருநாள் அதை ஊதிப் பார்த்தார். வெறும் காற்றுதான் வந்தது. "உள்ள குண்டு மாட்டிக்கிச்சா இன்னா?" என்று குலுக்கினார். குண்டு நன்றாகத்தான் உருண்டது.

அண்ணன் சென்னையில் இதே நோய்க்குத்தான் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தான். ஆஸ்பத்திரியில் ஏற்றும் மருந்து உடம்பெல்லாம் பரவி முடியைக் கொட்ட வைக்கிறது. அவனுடைய மருந்தைக் கண்ணுக்குத் தெரியாத நானோ துகளுக்குள் அடைத்து அனுப்பினால் நேராகக் கட்டிக்குப் போய்ச் சேரும் என்று பொங்கலுக்கு வந்தபோது விளக்கினான். நைனாவுக்குச் சட்டென்று பிடிபட்டது. "கண்டக்டர்கிட்ட பார்சல் குடுக்கற மாதிரின்னு சொல்லு. வழியில எங்கயும் எறக்க மாட்டான். சொன்ன ஸ்டாப்புல நிக்கற ஆளுகிட்டதான் குடுப்பான்."

"அதேதான் நைனா."

"எனக்கு எப்ப வரும்?"

"வந்துடும் நைனா, இன்னும் கொஞ்ச நாள்ல."

அடுத்த முறை மருந்தேற்ற நைனா வர மறுத்துவிட்டார். "பெரியவன் அனுப்புவான். அந்தக் கண்றாவி எனக்கு எதுக்கு?" நான் அண்ணனுக்குப் போன் செய்து, அவர் ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன் என்கிறார், உன் மருந்து நிஜமாகவே வருமா என்று கேட்டேன். "டென்ஷன் ஆவாதடா, அவரு நம்பிக்கையா இருக்கட்டும்" என்றான். வராது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நைனாவைத் தூக்கிக்கொண்டாவது போயிருப்பேன். படித்தவன் என்று நம்பித் தொலைத்தேன்.

நைனா தினமும் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் போய் உட்கார ஆரம்பித்தார். சென்னை பஸ் வந்தால் மூச்சிரைக்க எழுந்துபோய், "செஞ்சிக்கு எதுனா பார்சல் இருக்குதா தம்பி?" என்பார். மருந்தெல்லாம் பஸ்ஸிலா வரும் என்றால், "ஐஸ் போட்டுத் தருவான், நீ இன்னா கண்ட?" என்று எரிந்து விழுவார். பழகிய கண்டக்டர்கள், "இன்னிக்கி இல்லணா" என்பார்கள். படுக்கையில் விழுந்த பிறகு என்னைப் போய்க் கேட்கச் சொன்னார். நானும் போய்க் கேட்டேன்.

நைனாவின் பதினோராம் நாள் காரியத்துக்கு வந்த அண்ணனின் நண்பர்தான் பேச்சுவாக்கில் சொன்னார். அந்த மருந்தை எலிகளுக்கு மட்டுமே கொடுத்துப் பார்த்திருக்கிறார்களாம். அண்ணனுக்கு அது பொங்கலன்றே தெரியும்.

இப்போது அவன் கல்லூரி மேடைகளில் பேசுகிறான். நைனா சொன்ன பார்சலைத்தான் உதாரணமாகச் சொல்கிறான், கை தட்டுகிறார்கள். நைனா பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்ததைச் சொல்வதில்லை. போன வாரம் எனக்குப் போன் செய்தான். "நைனாவோட விசில் உங்கிட்டதான இருக்குது? மேடையில காட்டணும்டா. சென்னை பஸ்ல பார்சல் போட்டு உடு."

விசில் அப்போது என் கையில்தான் இருந்தது.

"வந்துடும்ணா," என்றேன். "இன்னும் கொஞ்ச நாள்ல."