சால்னா வாசம் பார்க்கும் மேனேஜர்

செட்டியார்பட்டி கபடி அணி ஜெயித்த சந்தோஷத்தில் துள்ளிக் கீழே விழுந்து, அதன் மேனேஜர் எபனேசர் அண்ணாச்சி இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டார். அதற்கு முன்னால் முப்பது வருஷத்துக்கும் மேலாக அந்த அணி தோற்றுக்கொண்டே இருந்தபோது அவருக்கு ஒரு கீறல்கூட விழுந்ததில்லை.

ராஜபாளையத்தில் ஆபரேஷன் முடித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அவரைப் பார்த்துக்கொள்ள என்னை வைத்தார்கள். நான் பயிற்சி எடுத்து இந்த வேலைக்கு வந்தவள். நிறைய இடுப்புகளைப் பார்த்திருக்கிறேன். டாக்டர் என்னிடம் சொன்னது ஒன்றுதான்: இந்த வாரத்துக்குள் அவர் வாக்கரைப் பிடித்து நடந்தாக வேண்டும். விட்டால் கால் இறுகிவிடும், நெஞ்சில் சளி கட்டும், அப்புறம் கட்டிலே கதி.

அண்ணாச்சிக்குக் கட்டில் பிடித்துப்போயிருந்தது. காரணம், சாயங்காலம் வருகிற ரசிகர்கள். ஒரு பாக்கெட் ரொட்டியோ நாலு சாத்துக்குடியோ வாங்கிக்கொண்டு வருவார்கள். சுற்றி உட்கார்ந்து, அவர் காதுபடவே அவருடைய அருமை பெருமைகளைப் பேசுவார்கள்.

"மில்லுல நைட் ஷிப்ட் முடிச்சிட்டு நேரா கிரவுண்டுக்கு வருவாவளே! அப்படி ஒரு மேனேஜர் இனிமே பொறக்கணும்," என்பார் டீக்கடை இருளப்பசாமி.

"இன்னொருக்கா சொல்லுப்பா," என்று அண்ணாச்சி கண்ணை மூடிக்கொள்வார்.

"அண்ணாச்சி, எந்திரிங்க. செத்த நேரம் நிப்போம்," என்பேன்.

"இவிய பேசி முடிக்கட்டும் நர்சம்மா."

"பாவம், படுத்திருக்கட்டும் நர்சம்மா," என்று ரசிகர்களும் சேர்ந்துகொள்வார்கள். நோயாளி எழுந்து நடமாடினால், பார்க்க வந்தவர்களுக்கு ரொட்டி வாங்கிய காசு வீணானதுபோல் இருக்கும்.

அண்ணாச்சியின் பெருமைகளில் முதலாவது அவருடைய மூக்கு. ஆட்டத்தன்று யாரும் புரோட்டா தின்னக் கூடாது என்பது அவர் சட்டம். தின்றால் மூச்சுப் பிடித்துப் பாட முடியாதாம். ஆட்டத்துக்கு முன்னால் ஏழு பேரையும் வரிசையாக நிறுத்திக் கையை நீட்டச் சொல்லி மோந்து பார்ப்பார். விரலில் சால்னா வாசம் வந்தால் அவன் வெளியே. ஸ்ரீவில்லிபுத்தூர் அணியோடு சேத்தூரில் நடந்த பைனலில், அவருடைய நம்பர் ஒன் ரைடர் சாம்சனையே இப்படி வெளியே உட்காரவைத்தார். ஒரு பாயிண்டில் கோப்பை போனது.

"பெத்த மவனா இருந்தாலும் அவிய விட்டிருக்க மாட்டாவ. அதான் மேனேஜர்!" என்றார் இருளப்பசாமி.

அவர் இதைச் சொன்ன அன்று சாம்சனும் வந்திருந்தார். இப்போது அவர் மினிபஸ் டிரைவர். வாசல் நிலையில் சாய்ந்து நின்றாரே தவிர வாயைத் திறக்கவில்லை. புகழாத ஒருவரை அந்த வீட்டில் நான் அன்றுதான் பார்த்தேன்.

"நீங்க ஒண்ணும் சொல்லலியே?" என்று கேட்டுவைத்தேன்.

"நான் என்னத்தச் சொல்ல? அன்னைக்கு என் கையில சால்னா வாசம் எப்படி வந்துச்சுன்னு இந்நாள் வரைக்கும் ஒருத்தரும் கேக்கல. அம்பயருக்கு பார்சல் வாங்கியாடான்னு அனுப்புனதே அண்ணாச்சிதான்."

சமையற்கட்டிலிருந்து அண்ணாச்சியின் மனைவி பியூலா அம்மா கரண்டியோடு எட்டிப் பார்த்தார்.

அண்ணாச்சி கண்ணைத் திறந்தார்.

"பார்சல வாங்கியாரச் சொன்னேன். பிரிக்கவா சொன்னேன்?"

"பிரிக்கல அண்ணாச்சி, அது ஒழுகுச்சு!"

"ஒழுகுற பார்சல வாங்கிட்டு வாரவன் பாயிண்ட் எடுத்துக் கிழிச்சிருவானோ?"

"நான் போயிருந்தா ரெண்டு பேரைத் தொட்டுட்டு வந்திருப்பேன். கடைசி ரைடுக்கு நீங்க அனுப்புனது இந்த சிவனாண்டிய!"

கட்டிலோரம் உட்கார்ந்திருந்த ரைஸ்மில் சிவனாண்டிக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஏலே, நான் நடுக்கோட்டுக்கிட்ட வந்துட்டேன்ல! ஒரு சாண் தூரம்."

"ஒரு சாணா? ஒரு ஆள் படுக்கலாம்."

பேசித் தீராததால் நடத்திப் பார்ப்பது என்று முடிவானது. நாற்காலிகளை நான்தான் ஒதுக்கிக் கொடுத்தேன். தரையில் டைல்ஸ் இணைகிற கோடு நடுக்கோடு. கட்டில் விளிம்பு கடைசிக் கோடு. இருளப்பசாமி ஸ்ரீவில்லிபுத்தூர் அணியில் மூலையில் நிற்கிற கார்னர் ஆள். சிவனாண்டி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "கபடி, கபடி, கப..." என்று புறப்பட்டார். பாதி வழியில் இருமல் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"நகருவே," என்று சாம்சன் இறங்கினார். அவருக்கு மூச்சு இன்னும் இருந்தது. பாடிக்கொண்டே ஒரு காலை நீட்டி இருளப்பசாமியின் முழங்காலைத் தொட்டுவிட்டுத் திரும்பினார்.

"பாத்தியளா!"

"எதைப் பாக்க?" என்று கட்டிலிலிருந்து சத்தம் வந்தது. "கார்னர்காரன் அங்கயா நிப்பான்? ஏலே இருளப்பா, பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி நிக்க! பின்னால போ. இன்னும் பின்னால. சைடுல... ஐயோ, அந்தச் சைடு இல்ல!"

இருளப்பசாமி போன திசையெல்லாம் தப்பு. அண்ணாச்சி போர்வையை உதறினார். காலைக் கீழே போட்டார். நான் வாக்கரை அவர் கைக்கு நேராகத் தள்ளி, நடக்கும்போது பிடித்துக்கொள்ள அவர் இடுப்பில் கட்டிவைத்திருந்த பெல்ட்டைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டேன். பியூலா அம்மா "கர்த்தரே" என்று ஆரம்பித்தார், கண்ணால் அடக்கினேன்.

எழுந்து, வாக்கரைத் தள்ளித் தள்ளிப் போய், இருளப்பசாமியின் தோளைப் பிடித்து அலமாரிப் பக்கம் நகர்த்தினார். "இங்க! இங்க நின்னாம்லே அந்த வில்லிபுத்தூர்க்காரன். இப்பப் பாடிட்டு வா சாம்சன், பாப்போம்."

சாம்சன் பாடிக்கொண்டு வந்தார். இருளப்பசாமி கணுக்காலைப் பிடித்துத் தொங்கினார். இருவரும் அலமாரியில் மோதினார்கள். உள்ளே எவர்சில்வர் பாத்திரங்கள் சரிந்தன.

"அவுட்!" என்றார் அண்ணாச்சி. அப்போதுதான் தன் காலைக் குனிந்து பார்த்தார். முகம் சுருங்கியது. "நர்சம்மா, வலிக்குதே. உக்காரணும்."

"உக்காருங்க. நாற்காலி அந்தா சன்னலுக்குக் கீழ இருக்கு."

"அம்புட்டுத் தூரத்துல போட்டா எப்படி?"

"மெதுவா வாங்க. நான் பிடிச்சிருக்கேன்."

என்னைத் திட்டிக்கொண்டே நடந்து போய் உட்கார்ந்தார்.

சாம்சன் ஒத்துக்கொள்ளவில்லை. அலமாரி இருந்ததால்தான் மாட்டினேன், சேத்தூர் கிரவுண்டில் ஏது அலமாரி என்றார். அதுவும் நியாயம்தான். எல்லாரும் அதைப் பேசிக்கொண்டே செருப்பை மாட்டினார்கள். "நான் போயிருந்தா கப்பு நம்ம ஊருதான்," என்று வாசலில் சாம்சன் சொன்னது உள்ளே நன்றாகக் கேட்டது.

"ஏலே, நில்லுலே!"

நான் ஹார்லிக்ஸ் ஆற்றிக்கொண்டிருந்தேன். டம்ளரை வைத்துவிட்டுத் திரும்பினால் நாற்காலி காலி. அண்ணாச்சி வாக்கரோடு வராந்தாவுக்கே போய்விட்டார். ஓடிப்போய் பெல்ட்டைப் பிடித்தேன். அவர் நின்றபாடில்லை. கேட்டை எட்டிப் பிடித்துக்கொண்டு, தெருவில் போகிறவர்களைப் பார்த்துக் கத்தினார்:

"நாளைக்கும் வாங்கலே! வரும்போது கையக் கழுவிட்டு வாங்க!"