பேனரில் ஏறாத வார்த்தை

பஸ்ஸில் யார் எதைச் சொன்னாலும் காதைக் கொடுத்துவிடுவது என் பழக்கம். பள்ளிக்கூடம் பாதியிலேயே நின்றுபோனது. பழைய அகராதி ஒன்றை வைத்துக்கொண்டு, எந்தச் சொல் எங்கிருந்து கிளம்பி எங்கே போய்ச் சேர்ந்தது என்று நானாகவே தேடிப் படித்தேன். இந்தக் கிறுக்கு தெரிந்துதான் திண்டிவனத்து வாசகர் வட்ட அமைப்பாளர் போன் பண்ணினார். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்களைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை பேச வேண்டுமாம். பேனர் அடிக்கப் பத்துச் சொற்கள் வேண்டுமாம்.

அனுப்பினேன். கட்டுமரம் அங்கே போய் கேட்டமரான் ஆனது. சுருட்டு செரூட் ஆனது. மிளகுத்தண்ணீர் மல்லிகட்டானி என்று வெள்ளைக்காரன் மேசையில் ஏறியது. பத்தாவதாக எங்கள் சாதிப் பெயர். பறையர் என்பதைக் கொண்டுபோய்ப் 'பரையா' ஆக்கி, யாரும் சேர்த்துக்கொள்ளாதவன் என்ற பொருளில் இன்றைக்கும் புழங்குகிறார்கள். இங்கிலீஷ் பேப்பரில் ஏதாவது ஒரு நாட்டை அப்படித் திட்டியிருப்பார்கள்.

விழுப்புரத்தில் பஸ் ஏறி, வழியெல்லாம் நின்றுகொண்டே போய் இறங்கினால், பேனரில் ஒன்பதுதான் என்னுடையவை. பத்தாவது இடத்தில் 'வெற்றி – விக்டரி'.

"விக்டரி லத்தீன்லேர்ந்து வந்ததுங்க. வெற்றிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

"வாட்சப்ல வந்துதுண்ணே. ஜனங்களுக்கு ஒரு தெம்பா இருக்கும்ல?" என்றார் அமைப்பாளர்.

"நான் அனுப்பனது எங்க?"

குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நல்ல நிகழ்ச்சில அது எதுக்குண்ணே? உங்களுக்குத்தான் சங்கடம்."

"எனக்குச் சங்கடம்னு உங்ககிட்ட யார் சொன்னது?"

"தப்பா எடுத்துக்காதீங்க. உங்க மேல இருக்கிற மரியாதையிலதான்..."

இந்த மரியாதையோடு மல்லுக்கட்டியே எனக்குப் பாதி ஆயுசு போய்விட்டது. நான் எதிரில் இருந்தால் அந்தப் பெயரை எச்சிலோடு முழுங்குவார்கள். நான் தெருமுனை தாண்டுவதற்குள் தாராளமாகச் சொல்வார்கள். இதில் சங்கடப்பட வேண்டியது மட்டும் நானாம்.

பேச எழுந்தேன். கட்டுமரத்துக்குக் கைதட்டினார்கள். வெற்றி பொய் என்றதும் முன்வரிசை முகம் சுருங்கியது. பேனரில் போடாத பத்தாவது சொல்லையும் சொன்னேன். எதிரில் எல்லோரும் செல்போனில் மும்முரமானார்கள். அமைப்பாளர் ஜல்தியாக எழுந்து, டீ வந்துவிட்டது என்றார். டீ வர இன்னும் கால் மணி நேரம் இருந்தது.

பின்வரிசையில் ஓர் அம்மா எழுந்தார். கண்டமங்கலத்திலிருந்து புதுச்சேரிக்கு வேலைக்குப் போய்வருகிறவர் என்று பிறகு சொன்னார்.

"வெள்ளைக்காரங்க பேரை மட்டுமா இங்கேர்ந்து எடுத்துக்கினு போனாங்க சார்? அந்த அர்த்தத்தையும் இங்க பாத்துத்தானே கத்துக்கினாங்க?"

"ஆமாங்க," என்றேன். அரை மணி நேரமாக நான் சுற்றி வளைத்துக்கொண்டிருந்தது அவருக்கு ஒரு மூச்சில் வந்துவிட்டது.

நன்றியுரையில் அமைப்பாளர், 'தலைப்புக்கு வெளியே சில கருத்துகளும் வந்தன' என்றார். தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

படியில் அந்த அம்மா நிறுத்தினார். "அந்தப் பத்தாவது சொல்ல எழுதிக் குடுங்க சார், எம்பொண்ணுக்குக் காட்டணும். நாளைக்கு எவனாவது இங்கிலீஷ்ல சொன்னா அதுக்குப் புரியணும்ல?"

அழைப்பிதழின் பின்பக்கத்தில் இரண்டு மொழியிலும் எழுதினேன். வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பி நீட்டினார்.

"பறைன்னா மேளந்தானே? அத வுட்டுட்டீங்களே. அதையும் எழுதுங்க."

எழுதினேன்.