காலி வீட்டுக் கோலம்

ஸ்ரீபெரும்புதூரில் எங்களுக்கு ஓட்டு வீடு ஒன்று. நடுவில் சுவர். ஒரு பக்கம் நாங்கள், மறுபக்கம் வாடகைக்கு. எழுபதுகளில் அதில் குடியிருந்த பஸ் கண்டக்டர் மாற்றலாகிப் போனார். ஆறு மாதம் ஆகியும் வேறு யாரும் வரவில்லை.

குடி இல்லாத வீட்டுக்குப் பாதி வரி தள்ளுபடி உண்டு என்று பில் கலெக்டர் சொன்னார். முழு வரி கட்டினால் மழைக்கு முன் ஓடு மாற்ற வழியில்லை. மனு கொடுத்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை அவர் பார்க்க வந்தார். வாசலில் சாணம் தெளித்து, கோலம் போட்டு, செம்மண் இட்டிருந்தது. கதவைத் திறந்தால் மாடத்தில் விளக்கு எரிகிறது. மூலையில் அரிசிப் பானை, உப்பு.

“இன்னாய்யா, குடித்தனமே நடக்குது?” என்றார்.

எல்லாம் என் சம்சாரத்தின் வேலை. வீடு இருண்டு கிடக்கக் கூடாதாம். தினமும் இரண்டு வாசலுக்கும் கோலம் போடுவாள். ‘வீடு காலி’ என்று அட்டை மாட்டப் போனேன், பிடுங்கிக்கொண்டாள். அப்படி எழுதினால் காலியாகவே போய்விடுமாம்.

பில் கலெக்டர் நல்ல மனிதர். வீடு அவள் பேரில் இருந்தது. அவள் வாயால் காலி என்று சொன்னால் எழுதிக்கொள்வதாகச் சொன்னார்.

“வெள்ளிக்கெழம, வெளக்கு எரியிற வூட்ல அந்த வார்த்தைய சொல்ல மாட்டேங்க” என்றாள். “கண்டக்டரு போயிட்டாரு. இன்னொருத்தரு வரப்போறாரு. அவ்ளோதான்.”

“நடுவுல?”

“நடுவுல நீங்கதான் வந்துகீறீங்க.”

வேறு எங்கேயாவது நின்று சொல்கிறாயா என்று கேட்டேன். யோசித்துவிட்டு எதிரே இருந்த டீக்கடையைக் காட்டினாள். மூவரும் ரோட்டைத் தாண்டினோம். டீக்கடையில் அவள் கால் வைத்தது அன்றுதான். கடைக்காரர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

“காலி. ஆறு மாசமா காலி. எழுதிக்குங்க.”

பெஞ்சில் இருந்த லாரி டிரைவர் தலையைத் தூக்கினார். “எதிர் வூடாம்மா? நானும் எத்தினியோ நாளா வூடு தேடினுகீறேன். தினம் கோலத்தப் பாத்துட்டு, யாரோ குடியிருக்காங்கன்னுல்ல நெனச்சேன்.”

“கொஞ்சம் பொறுய்யா, மொதல்ல இத எழுதி முடிச்சிக்கிறேன்” என்றார் பில் கலெக்டர். அன்றைய தேதி வரைக்கும் காலி என்று எழுதி, பேனாவை மூடிவிட்டு, இனிமேல் பேசு என்று டிரைவருக்குக் கை காட்டினார். டிரைவர் வாடகை எவ்வளவு என்று கேட்டார். நான் சொன்னேன். எல்லோருக்கும் அவரே டீ வாங்கிக் கொடுத்தார்.

தள்ளுபடி வந்தது. ஓடு மாற்றினோம். டிரைவர் குடி வந்தார்.

கோலத்தைப் பார்த்துத்தான் அவர் குடி வந்தார் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். டிரைவரும் ஆமாம் என்றார். வாடகைக்கு இருக்கிறவர், வேறென்ன சொல்வார்.