எந்த விம்மர்லி?

காலை ஏழேகாலுக்குத் தேவாலயச் சுவரோரம் சிவப்புத் தபால் வண்டியை நிறுத்தி, அதன் முன்மூடி மேல் கடிதங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு, எங்கள் தபால்காரர் தெல்மா ப்ரீஸ் யாரையோ திட்டிக்கொண்டிருக்கிறார். "சோபா," என்று ஒரு உறையை இடது பக்கம் எறிகிறார். "சோபா. மறுபடியும் சோபா. பாவம், இந்தம்மாவுக்குக் கால் ஒடிஞ்சு போச்சாம். சோபாவுக்குத்தான், அந்தம்மாவுக்கு இல்ல." அது அஞ்சலட்டை, யார் வேண்டுமானாலும் படிக்கலாம். உறைகளை அவர் பிரிப்பதில்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பதோடு சரி.

விம்மர்லி என்ற பெயரில் சோபா விற்கும் நிறுவனத்துக்கும் எங்கள் ஊருக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. லண்டனில் இருக்கும் இரண்டு பேர் தேசப்படத்தில் கண்ணை மூடிக்கொண்டு விரலை வைத்தார்கள், விரல் இங்கே விழுந்தது என்பது தெல்மாவின் கட்சி. முகவரி தெரியாத வாடிக்கையாளர்கள் "விம்மர்லி, ஷ்ராப்ஷயர்" என்று எழுதிப் போட்டுவிடுகிறார்கள். அதே மாதிரி விம்மர்லி சாம்பல் என்று ஒரு சுவர்ச்சாயம் இருக்கிறது. விம்மர்லி பிஸ்கட் இருக்கிறது. அந்த பிஸ்கட்டை எங்கள் ஊர்க் கடையில் வாங்க முடியாது, ஏனென்றால் எங்கள் ஊரில் கடை இல்லை. நாற்பத்தொரு வீடு, ஒரு தேவாலயம், பேருந்து நிற்காத ஒரு பேருந்து நிறுத்தம். அவ்வளவுதான் விம்மர்லி.

தெல்மாவுக்கு அறுபத்திரண்டு வயது. பனி கொட்டும் ஜனவரியிலும் அரைக்கால் சட்டைதான். "முழங்கால் நனைஞ்சா துடைச்சா காஞ்சிரும். பேன்ட் நனைஞ்சா நாள் பூரா நம்மகூடவே வரும்" என்பார். நாய்களிடம் மரியாதையாகவும் மனிதர்களிடம் அது இல்லாமலும் பேசுவார். ஆடு வளர்க்கும் ஹெட்லி தினமும் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "எனக்கு ஏதும் வந்திருக்கா தெல்மா?" என்று கேட்பார். "உனக்கு யாருய்யா எழுதப் போறா? உன் ஆடுங்களுக்கு எழுதத் தெரிஞ்சாக்கூட உனக்கு எழுதாதுங்க" என்பது பதில். ஹெட்லிக்கு அது போதும். சிரித்துக்கொண்டே ஆட்டுக்குத் தீனி வைக்கப் போய்விடுவார்.

சோபாவை விடத் தெல்மாவுக்குச் சுவையானவை, விம்மர்லி என்ற குடும்பப்பெயர் கொண்டவர்கள் எழுதும் கடிதங்கள். அமெரிக்காவின் ஓஹையோவில் நாற்பதாயிரம் பேர் வாழும் ஒரு விம்மர்லி நகரம் இருக்கிறது. டாஸ்மேனியாவில் ஒரு பெரிய ஆட்டுப் பண்ணைக்கு அந்தப் பெயர். "விம்மர்லி கிராமத் தலைவருக்கு" என்று விலாசமிட்டு அவர்கள் எழுதுவார்கள். எங்களுக்குத் தலைவர் என்று யாரும் இல்லாததால், அந்தக் கடிதங்களைப் பிரிக்கும் உரிமையைத் தெல்மாவே எடுத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் சமையலறை மேசையில் உட்கார்ந்து, சிவப்புப் பேனாவால் பதில் எழுதுவார். எதிரே அவர் கணவர் கிளிஃப், கல் குவாரி லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர், முட்டைகளைத் துடைத்தபடி எழுத்துப்பிழை திருத்துவார்.

எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: எங்கள் முன்னோரின் கல்லறை அங்கே எந்த மூலையில் இருக்கிறது? இல்லவே இல்லை என்பதுதான் உண்மை. எங்கள் தேவாலயத்து மண்ணில் விம்மர்லி என்ற பெயரில் ஒருவர்கூடப் புதைக்கப்படவில்லை. நான் குடிவந்த புதிதில் இதைத் தெல்மாவிடம் கேட்டேன். என்னைப் பார்த்த பார்வையிலேயே நான் எதிர்வீட்டு முட்டாள் என்பது உறுதியாயிற்று.

"ஊருக்குள்ள இருக்கிறவனை எதுக்கு ஊர்ப்பேரைச் சொல்லிக் கூப்பிடணும்? இங்க எல்லாரும் விம்மர்லிக்காரங்கதானே. வெளியூருக்குப் போய், அங்க இன்னொரு ஜான் இருந்தாத்தான் 'அந்த விம்மர்லி ஜான்'ம்பாங்க. அவன் பேரன் ஆலை கட்டினான்னா ஆலைக்கு அந்தப் பேரு. ஆலையைச் சுத்தி வீடு வந்தா ஊருக்கு அந்தப் பேரு. ஓடிப் போனவங்களுக்கெல்லாம் பேரு. இருந்தவங்களுக்கு ஈரச்சுவரு."

பெயரின் மூலமும் பெரிதாக ஒன்றுமில்லை. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் வினிமேர் என்ற ஒருவன் இங்கே காட்டை வெட்டித் திருத்தினான். வினிமேரின் திருத்து என்பது தேய்ந்து விம்மர்லி ஆயிற்று. "ஒருத்தன் மரம் வெட்டினான்னு இத்தனை அமர்க்களம்" என்பார் தெல்மா. ஆனால் சொல்லும்போது குரலில் ஒரு பெருமை இருக்கும். அப்போது இருந்தது.

ஏழு மைல் தள்ளி, நெடுஞ்சாலை ஓரம், பழைய விமானத் திடல் ஒன்று புல் முளைத்துக் கிடந்தது. ஒரு கட்டுமான நிறுவனம் அதை வாங்கி ஆயிரத்து நானூறு வீடுகள் எழுப்பியது. "விம்மர்லி வில்லேஜ்" என்று விளம்பரம் வந்தது. எங்கள் தேவாலயக் கோபுரத்தின் படமும் அதில் இருந்தது. இரண்டே வருஷத்தில் "வில்லேஜ்" என்ற சொல் உதிர்ந்து வெறும் "விம்மர்லி" நின்றது. நெடுஞ்சாலையில் பெரிய பச்சைப் பலகை வைத்தார்கள். அங்கே நாய்க்கு முடி வெட்டும் கடை ஒன்று திறந்தார்கள், அதற்கும் விம்மர்லி. தெருக்களுக்குப் பெயர் வைக்கும்போது எங்கள் ஊரையே நகலெடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது: ஆலை இல்லாத இடத்தில் மில் லேன், தேவாலயம் இல்லாத இடத்தில் சர்ச் லேன்.

தெல்மாவும் கிளிஃபும் இருந்தது நான்காம் எண், சர்ச் லேன், விம்மர்லி. அங்கேயும் ஒரு நான்காம் எண், சர்ச் லேன், விம்மர்லி உண்டாயிற்று. தபால்கள் மாறத் தொடங்கின. மாவட்ட மன்றத்துக்குத் தெல்மா மூன்று முறை எழுதினார். "கடிதம் தப்பிப் போனா நான் தேடிக் கொண்டாந்து குடுத்துருவேன். தீயணைப்பு வண்டி தப்பிப் போனா யாரு கொண்டாருவா?" என்று மூன்றாவது கடிதத்தில் கேட்டிருந்தார். மன்றத்தின் பதில் வந்தது. அங்கே இருந்த நான்காம் எண்ணுக்கு. அந்த வீட்டில் குடியிருந்த கேரத் என்ற இளைஞர், பள்ளி ஆசிரியர், அதை எடுத்துக்கொண்டு ஏழு மைல் காரில் வந்து கொடுத்துவிட்டுப் போனார். உங்கள் கருத்து பதிவு செய்யப்பட்டது என்று இரண்டு வரி.

கிளிஃப் அதைப் படித்துவிட்டு, "விடு தெல்மா. உனக்குப் பதில் வந்ததே அதிசயம்" என்றார்.

அடுத்த மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை. பகல் பதினொரு மணி. தெல்மா தபால் சுற்றில் இருந்தார், நான் நகரத்தில் வேலையில் இருந்தேன். கோழிக்கூண்டுக்குக் கம்பி அடித்துக்கொண்டிருந்த கிளிஃபுக்கு நெஞ்சை அடைத்தது. உள்ளே போய் அவசர எண்ணை அழைத்தார். "நாலு, சர்ச் லேன், விம்மர்லி," என்றார். மறுபடியும் அதையே சொன்னார். அதற்கு மேல் பேச மூச்சில்லை. அந்த ஒலிப்பதிவைப் பின்னால் விசாரணையில் போட்டுக் காட்டினார்கள். தெல்மா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு முழுவதும் கேட்டார்.

ஆம்புலன்ஸ் ஒன்பதே நிமிஷத்தில் போய்ச் சேர்ந்தது. கதவைத் திறந்தது கேரத், தோளில் கைக்குழந்தை. "இங்க எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம்," என்றாராம். சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே புரிந்துவிட்டது. "ஐயோ, இன்னொண்ணு இருக்கு. அங்க போங்க, அங்க போங்க!" என்று செருப்பில்லாமல் தெருவில் ஓடி வழி காட்டியிருக்கிறார். எங்கள் ஊருக்கு வரும் பாதையில் இரண்டு வண்டிகள் ஒதுங்க முடியாது. முன்னால் ஒரு டிராக்டர். இருபத்தாறு நிமிஷம்.

அதற்குள் ஹெட்லி கொடுத்த தகவலில் தெல்மா வந்துவிட்டார். சமையலறைத் தரையில் கிளிஃபின் தலையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். மூச்சு எப்போதோ நின்றிருந்தது. பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்த இரண்டு பேரையும் நிமிர்ந்து பார்த்து, "வாங்க. இதுதான் விம்மர்லி," என்றார்.

அடக்கம் முடிந்த நான்காம் நாள் வேலைக்குத் திரும்பினார். நாய்களிடம்கூடப் பேசவில்லை.

கோடையில் மன்றம் ஒரு கூட்டம் போட்டது. எங்கள் ஊரில் கூடம் இல்லாததால் அங்கே, புது விம்மர்லியின் சமூகக் கூடத்தில். நாங்கள் பத்தொன்பது பேர் போனோம். கட்டுமான நிறுவனத்தின் சார்பில் பச்சைக் கழுத்துத்துணி கட்டிய ஒரு பெண் எழுந்து, மிகவும் மென்மையாகப் பேசினாள். "ஒரு பழமையான பேரை நாங்க கௌரவப்படுத்தியிருக்கோம்னுதான் நினைக்கிறோம்."

"ஆமா கண்ணு," என்றார் தெல்மா, உட்கார்ந்தபடியே. "என் வீட்டுக்காரர் ரொம்பக் கௌரவமாத்தான் செத்தாரு."

பின் வரிசையில் இருந்த கேரத் முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டார்.

அதிகாரி ஒருவர் எண்களைப் படித்தார். ஒரே பெயரில் இரண்டு இடம் இருப்பது ஆபத்து என்பதை மன்றம் ஏற்கிறது. ஆயிரத்து நானூறு வீடுகளின் முகவரியை மாற்றுவது நடக்கிற காரியமில்லை. நாற்பத்தொன்றை மாற்றலாம். எனவே எங்கள் ஊர் இனிமேல் "பழைய விம்மர்லி". தலைமையில் இருந்த பருமனான கவுன்சிலர், ஆறுதல் சொல்கிறவர் போல முன்னால் சாய்ந்தார். "பழையன்னா ஒரு மரியாதைதானேம்மா? சுற்றுலா வர்றவங்களுக்கு ரொம்பப் பிடிக்கும்."

"உங்க சம்சாரம் பேரு என்னங்க?"

"பட்ரீஷியா," என்றார் அவர், யோசிக்காமல்.

"வீட்டுக்குப் போய் 'பழைய பட்ரீஷியா'ன்னு கூப்பிட்டுப் பாருங்க. அந்தம்மாவுக்குப் பிடிக்குதான்னு வந்து சொல்லுங்க."

கூடமே சிரித்தது. கவுன்சிலரும் சிரித்தார், பச்சைத் துணிப் பெண்ணும் சிரித்தாள். தெல்மா சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து எழுந்து நின்றார். "நாங்க எங்கேயும் போகலைங்க. ஆயிரம் வருஷமா அதே இடத்துலதான் இருக்கோம். வந்தது நீங்க. பேரை எடுத்தது நீங்க. இப்ப எங்களையே நகரச் சொல்றீங்க." அதற்கு யாரும் சிரிக்கவில்லை. பிறகு கைதூக்கச் சொன்னார்கள். ஏழுக்கு இரண்டு. எங்கள் பத்தொன்பது பேருக்கும் வாக்கு இல்லை.

வெளியே கேரத் வந்து தெல்மாவின் முன்னால் நின்றார். "நான் கொஞ்சம் முந்தி யோசிச்சிருந்தா..." என்று தொடங்கினார். "உன் மேல தப்பில்லப்பா," என்றார் தெல்மா. குரல் கதவைச் சாத்துவது போலிருந்தது. அவர் நீட்டிய கையை மட்டும் தெல்மா பிடிக்கவில்லை.

பலகை ஆகஸ்டில் வந்தது. ஊர் எல்லையில், முந்திரிக்கொட்டை மாதிரி "பழைய" முன்னால் நீட்டிக்கொண்டு. தெல்மா இப்போதும் கடிதங்களை வகை பிரித்து அடுக்குகிறார், இப்போதும் சோபாவைத் திட்டுகிறார், ஹெட்லியை மறுபடி வையத் தொடங்கியிருக்கிறார். ஓஹையோவுக்கும் டாஸ்மேனியாவுக்கும் பதில் எழுதுவதை மட்டும் விட்டுவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனபோது சிவப்புப் பேனாவால் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அதுவும் பாதியில் நின்றிருந்தது.

போன சனிக்கிழமை நான் வேலிச்செடி வெட்டிக்கொண்டிருந்தேன். தெல்மா தன் வாசலில் முட்டைப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். வாடகைக் கார் ஒன்று பலகையருகே தயங்கி நின்று, பிறகு ஊர்ந்து வந்தது. எழுபதை நெருங்கிய தம்பதி. கணவர் இறங்கினார். பனியன் சட்டையில் விம்மர்லி கல்லூரி என்று பெரிய எழுத்து.

"மன்னிக்கணும்மா, ஒரு உதவி. நாங்க ஓஹையோவுலேர்ந்து வர்றோம். எங்க குடும்பப் பேரே விம்மர்லி." சொல்லும்போதே அவர் கண் கலங்கியது. "எங்க முன்னோர் ஊரைப் பார்க்கணும்னு இருபது வருஷமா ஆசை. இங்க என்னடான்னா பழைய விம்மர்லின்னு போட்டிருக்கு. இதுதானா அது?"

தெல்மா அவரையும், காருக்குள்ளிருந்து ஆவலாகக் குனிந்து பார்த்த அவர் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார். அவர்கள் தலைக்கு நேர் பின்னால் தேவாலயக் கோபுரம் வெயிலில் நின்றது.

"இல்லீங்க," என்றார் தெல்மா. "தப்பா வந்துட்டீங்க. நெடுஞ்சாலைக்கே திரும்பிப் போங்க, ஏழு மைல். பெரிய பச்சைப் பலகை இருக்கும். அதுதான் விம்மர்லி. சர்ச் லேன் எங்கன்னு கேளுங்க, யாரா இருந்தாலும் காட்டுவாங்க."

"சர்ச் இருக்குதா அங்க?" என்று அந்த அம்மாள் கேட்டாள்.

"பேரு இருக்கு."

நான் கத்தரியைக் கீழே வைத்து வாயைத் திறந்தேன். தெல்மா என் பக்கம் திரும்பாமலே உள்ளங்கையை உயர்த்தினார். நான் வாயை மூடிக்கொண்டேன். அதை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. அவர்கள் திரும்பத் திரும்ப நன்றி சொன்னார்கள். எங்கள் சந்தில் காரைத் திருப்புவது லேசல்ல; ஒரு பக்கம் கல்சுவர், மறுபக்கம் சாக்கடைப் பள்ளம். தெல்மா முட்டைப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுத் தெரு நடுவில் போய் நின்றார். "வாங்க, வாங்க... இன்னும் கொஞ்சம்... போதும். இப்ப இடது பக்கம் ஒடிங்க," என்று இரண்டு கைகளாலும் அளந்து அளந்து, ஒரு கீறல் விழாமல், சக்கரம் பள்ளத்தில் இறங்காமல், காரை முழுசாகத் திருப்பிவிட்டார். பிறகு அதன் கூரையில் இரண்டு தட்டுத் தட்டினார், போகலாம் என்று.