கோடைப் படம் மட்டும் பார்த்த நாள்

வன அலுவலகத்தில் ஜீப் ஓட்டுகிறேன். எனக்குப் பொறுமை சுத்தமாகக் கிடையாது. ஹாரன் அடிக்காமல் ஒரு தெருவைத் தாண்ட மாட்டேன். ஆனால் படக்கார அக்காவை மட்டும் நான் அவசரப்படுத்தியதில்லை.

செயற்கைக்கோள் எடுத்தனுப்பும் படங்களைப் பார்த்து, காடு எங்கே தழைத்திருக்கிறது, எங்கே செத்துவிட்டது என்று வரைபடத்தில் வண்ணம் போடுவது அக்காவின் வேலை. ஜன்னலில்லாத அறை. சாப்பாடும் திரையைப் பார்த்தபடிதான். கோடைப் படத்தையும் மழைக்காலப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் ஒரு இடத்துக்கும் வண்ணம் போட மாட்டார். சாயங்காலமானால் அம்மாவுக்குப் போன் போட்டு அன்றைய காட்டைக் கதையாகச் சொல்வார். அந்த அம்மா போன மாதம் இறந்துவிட்டார். அக்காவுக்கு வேறு யாருமில்லை.

நேற்று காலை ஓடிவந்தார்.

"தம்பி, வண்டிய எடு. வடக்குச் சரிவுக்குப் போகணும்."

"என்னக்கா, திடீர்னு?"

"தப்புப் பண்ணிட்டேன். அம்மா போனப்புறம் வேலைக்கு வந்த மொத நாள், கோடைப் படத்த மட்டும் பாத்துட்டு செத்த காடுன்னு போட்டுட்டேன். நாளைக்கு வெட்ட வர்றாங்க. மழைப் படத்துல பச்சைப் பசேல்னு இருக்கு! நேர்ல எடுத்த போட்டோ இருந்தாத்தான் நிறுத்துவேங்கறார் அதிகாரி."

போய்ப் பார்த்தால் கோடை வெயிலில் ஒரு இலைகூட இல்லை. அடிமரத்திலெல்லாம் வெட்டுவதற்குச் சிவப்புக் குறி.

"எல்லாம் காஞ்சு கருவாடா நிக்குதேக்கா," என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

அக்கா ஒரு கிளையை நகத்தால் சுரண்டினார். உள்ளே ஈரப் பச்சை. அடுத்த மரத்திலும் பச்சை. முப்பது மரம் சுரண்டிப் படமெடுத்து, சிக்னல் கிடைத்த மேட்டிலிருந்து அனுப்பினார். நகத்தில் ரத்தம்.

அதிகாரி போனில் கூப்பிட்டார். "வெட்ட வேண்டாம்னு சொல்லியாச்சு. தப்ப உங்க பேர்லதான் எழுதணும்."

"எழுதிக்கோங்க சார்!" அக்கா சிரித்தார். அதே சிரிப்போடு இன்னொரு எண்ணைத் தேடினார். விரல் நின்றது.

"அம்மாகிட்ட சொல்லலாம்னு..." அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. ஐந்து வருடமாக ஒரே அலுவலகம். 'சாப்பிட்டீங்களா' என்றுகூட நான் கேட்டதில்லை.

"எங்கிட்ட சொல்லுங்கக்கா. மொதல்லேருந்து."

"உனக்குப் பொறுமையே கிடையாதே," என்றார் மூக்கைத் துடைத்துக்கொண்டு.

வண்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, எதிரே உட்கார்ந்தேன்.