மூன்று விரலுக்கு ஒரு ரப்பர் நரம்பு: புதுச்சேரியில் இரண்டு நாள்

கையுறை வாங்கப் புதுச்சேரிக்குப் போகிறேன் என்று சொன்னபோது எங்கள் பள்ளி ஆசிரியர் அறையில் ஒருவரும் நம்பவில்லை. வார இறுதியில் திருவண்ணாமலையிலிருந்து அந்த ஊருக்கு பஸ் ஏறுகிறவன் எதற்காக ஏறுகிறான் என்பது ஊரறிந்த விஷயம். "எனக்கும் ஒரு கையுறை சார், ஜில்லுனு" என்று பி.டி. மாஸ்டர் கண்ணடித்தார். நான் போனது நிஜமாகவே கையுறைக்குத்தான். 2009 பிப்ரவரி, இரண்டாவது சனிக்கிழமை விடுமுறையும் மறுநாள் ஞாயிறும். வாங்க வேண்டியது ஜோடி கூட இல்லை, வலது கைக்கு மட்டும்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். மூன்று வருடங்களுக்கு முன் வீட்டு ஜன்னல் கண்ணாடியைக் கழற்றும்போது அது உடைந்து என் வலது மணிக்கட்டில் இறங்கியது. நரம்பைத் தைத்தார்கள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மடங்குகின்றன, நீள்கின்றன, சாக்பீஸ் பிடிக்கின்றன. பிடித்திருப்பது சாக்பீஸா வெறும் காற்றா என்று மட்டும் எனக்குத் தெரிவதில்லை. சுண்டுவிரலில் உணர்வு இருக்கிறது, ஆனால் சின்னக் குழந்தையின் கை அதுவரை எட்டாது.

எட்டாது என்பதைத் தீபத் திருவிழாக் கூட்டத்தில் தெரிந்துகொண்டேன். மகள் யாழினிக்கு அப்போது நான்கு வயது. அவள் கையைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தேன், அல்லது அப்படி நினைத்தேன். திரும்பிப் பார்த்தபோது விரல்கள் மடங்கியபடியே இருந்தன, உள்ளே ஒன்றும் இல்லை. இருபது நிமிடம் கழித்து ஒரு பூக்காரம்மா அவளைத் தூக்கிக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து யாழினி தானாகவே என் இடப்பக்கம் வந்துவிடுவாள். இடக்கையில் பை இருந்தால் அம்மாவிடம் போய்விடுவாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவள் அப்படிச் சுற்றிப் போகிற ஒவ்வொரு தடவையும் என் வலக்கையைப் பார்த்துக்கொள்வேன். இந்தக் கையால் அவள் கையை ஒரு தடவை ஒழுங்காகப் பிடிக்க வேண்டும், இதுதான் என் ஆசை. வேறு பெரிய லட்சியம் எதுவும் கிடையாது.

பாஸ்கர் என்னோடு கல்லூரியில் படித்தவன். சேதராப்பட்டு தொழிற்பேட்டையில், ரிமோட்டுக்கும் போனுக்கும் ரப்பர் பொத்தான் செய்கிற ஒரு சின்னத் தொழிற்சாலையில் ஷிப்டு இன்ஜினியர். வெளிநாட்டு ஆய்வுக்கூடங்களில் இழுத்தால் நீளுகிற மின்சுற்று செய்கிறார்கள் என்று இன்டர்நெட்டில் படித்துவிட்டு, போன தீபாவளிக்கு எனக்குப் போன் போட்டான். வழக்கமான சர்க்யூட் விறைப்பான அட்டையில் இருக்கும், வளைத்தால் உடையும். இது மெல்லிய ரப்பருக்குள் மெல்லிய கம்பி, தோல் நீள்கிற மாதிரி நீளும். விரல் நுனியில் ஏதாவது அழுத்தினால் மேற்கையில் கட்டிய குட்டி மோட்டார் அதிரும், செல்போன் அதிர்கிறதே அதே மோட்டார். மூன்று விரலுக்கு மூன்று மோட்டார். "உன் கைய பேப்பர்ல வெச்சு வரைஞ்சு அனுப்புடா" என்றான். நானும் கணக்கு வாத்தியாருக்கு உரிய ஒழுங்கோடு, கையை மேசையில் விரித்து வைத்து, சுற்றிலும் பென்சிலால் வரைந்து, மில்லிமீட்டர் குறித்துத் தபாலில் அனுப்பினேன். அந்தத் தாளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சனிக்கிழமை காலை 5.40 பஸ். செஞ்சி, திண்டிவனம் வழியாக 105 கிலோமீட்டர், டிக்கெட் 36 ரூபாய். திண்டிவனத்தில் டிரைவர் டீ குடிக்க இறங்கிப் பதினெட்டு நிமிடம் கழித்து வந்தார். நேரம் பார்த்தேன், கேட்கவில்லை. புதுச்சேரி பஸ் நிலையம் சேர 9.05. அங்கிருந்து சேதராப்பட்டுக்கு டவுன் பஸ், 40 நிமிடம், 6 ரூபாய். ஜன்னலோரத்தில் வலப்பக்கம் உட்கார்ந்தால் வெயில் முகத்தில் அடிக்கும், இடப்பக்கம் உட்காருங்கள்.

தொழிற்சாலை வாசலிலேயே பாஸ்கர் நின்றிருந்தான். "இன்னாடா வாத்தியாரே, பொறுமையா வர்ற" என்று கேன்டீனுக்கு அழைத்துப் போனான். கறுப்பு லைக்ரா கையுறை ஒன்றை எடுத்து வைத்தான். விரல்களின் முதுகு முழுக்கக் கண்ணாடி போன்ற ரப்பர் பட்டை, அதற்குள் நெளிநெளியாகச் செம்புக் கம்பி. மாட்டிவிட்டு, பேட்டரிப் பெட்டியை என் சட்டைப் பையில் போட்டான். ஆள்காட்டி விரலை மேசையில் வைத்து அழுத்தினேன். மேற்கையில் உர்ரென்று ஒரு அதிர்வு. எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கத் தோன்றவில்லை.

பிறகு டீ கிளாஸை எடுத்தேன். முதல் தடவை மூன்று மோட்டாரும் அதிர்ந்தன. கீழே வைத்துவிட்டு மறுபடி எடுத்தபோது நடுவிரல் செத்தது. மூன்றாம் தடவை எல்லாமே நின்றுவிட்டது. பட்டையைத் தூக்கிப் பார்த்தால் விரல் முட்டிக்கு மேலே மூன்று கம்பியும் அறுந்திருந்தன. பாஸ்கர் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. "ரெண்டு மாச வேலைடா" என்றான்.

மதியம் ஷிப்டு முடிந்ததும் அவன் பைக்கில் முத்தியால்பேட்டைக்கு வந்தோம். அவன் வீடும் அங்கேதான். போகிற வழியில் மனதைத் தேற்றிக்கொள்ளவோ என்னவோ, இந்த ரப்பர் சர்க்யூட்டால் என்னென்ன முடியும் என்று கத்திக்கொண்டே வந்தான். சர்க்கரை வியாதிக்காரர்களுக்குக் காலில் புண் வருமுன் சொல்கிற சாக்ஸ், குறைமாதக் குழந்தையின் மூச்சை எண்ணுகிற மார்புப் பட்டை, முதுகு வளைந்து உட்கார்ந்தால் கிள்ளுகிற பனியன். எனக்குக் காதில் விழுந்தது பாதிதான். காற்றும் அடித்தது, மனமும் அங்கே இல்லை.

கையுறையைத் தைத்தவர் ஷமீமா. முத்தியால்பேட்டை மார்க்கெட்டுக்குப் பக்கத்துத் தெருவில் தையல் கடை வைத்திருக்கிறார், எங்கள் வயதுதான் இருக்கும். பள்ளி ஆண்டு விழா நடன உடை, நீச்சல் உடை என்று இழுபடுகிற துணியெல்லாம் அவரிடம்தான் வரும். அறுந்த பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அளவு எப்படிண்ணே எடுத்தீங்க?"

பாஸ்கர் என் தாளை நீட்டினான். மில்லிமீட்டரோடு, கீழே என் கையெழுத்தோடு. ஷமீமா சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"சார், கோச்சுக்காதீங்க. இது விரிச்ச கை. விரிச்ச கையால எதப் புடிப்பீங்க? மடக்குங்க பாக்கலாம்."

மடக்கினேன். அளவு நாடாவை விரலின் முதுகில் வைத்தார். விரித்தபோது இருந்ததைவிட ஒன்றே முக்கால் சென்டிமீட்டர் கூடுதல். பதினோரு வருடமாகக் கணக்குச் சொல்லித் தருகிறவன் நான், எனக்கு இது தோன்றவில்லை. ரப்பரை வார்க்கிற பாஸ்கருக்கும் தோன்றவில்லை.

"அப்ப கம்பிய இன்னும் நெளிவா போடணும்" என்றான் பாஸ்கர்.

"அது இல்லண்ணே. பாவாடைக்கு எலாஸ்டிக் எப்படி வெக்கிறோம்? எலாஸ்டிக்க நல்லா இழுத்துப் புடிச்சுக்கிட்டுதான் துணில தைப்போம். விட்டா துணி சுருங்கிக்கும். மறுபடி இழுத்தா துணி விரியும், நூலு அறாது. நீங்க ரப்பர சும்மா போட்டு வெச்சு மேல கம்பிய ஒட்டிட்டீங்க. இழுத்துக் கட்டிட்டு ஒட்டுங்க."

பாஸ்கர் அறுந்த பட்டையை எடுத்து இழுத்துப் பார்த்தான். "இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?"

"கையுறை தைக்கக் குடுத்தீங்க, தைச்சேன். உள்ள இருக்கறத யாரு கேட்டீங்க?"

அவன் அங்கிருந்து நேராகத் தொழிற்சாலைக்குத் திரும்பிப் போய்விட்டான். ரப்பரை இழுத்துச் சட்டத்தில் கட்டி, கம்பி ஒட்டி, மேலே இன்னொரு பூச்சு ஊற்றினால் அது காலைவரை காய வேண்டுமாம். எனக்கு வேலை இல்லை. பேருந்து நிலையத்தருகே 300 ரூபாய்க்கு ஒரு லாட்ஜ் (சுவரைப் பார்க்காதீர்கள், தண்ணீர் நன்றாக வருகிறது). ஐந்தரை மணிக்குக் கடற்கரைச் சாலைக்கு நடந்தேன். சிவப்புத் தொப்பி போலீஸ்காரர் ஒருவர் சைக்கிள்காரனிடம் நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தார். பாறைகள்மேல் அப்பாக்கள் பிள்ளைகளோடு ஏறிக்கொண்டிருந்தார்கள். ஒரு சின்னப் பெண் வழுக்கியதும் அவள் அப்பாவின் கை பார்க்காமலே இறுகியது. அவர் அந்தப் பக்கம் யாரிடமோ பேசிக்கொண்டேதான் இருந்தார். அவருக்கு அது ஒரு விஷயமே இல்லை. எனக்கு அதைப் பார்த்தபின் அங்கே நிற்க முடியவில்லை, அறைக்கு வந்துவிட்டேன்.

ஞாயிறு காலை ஒன்பதரைக்கு ஷமீமாவின் கடை. வெள்ளிக்கிழமைதான் அவருக்கு விடுமுறை. பாஸ்கர் தூக்கமில்லாத கண்ணோடு புதுப் பட்டைகளைக் கொண்டுவந்திருந்தான். சும்மா இருக்கும்போது சுருங்கிக் கிடந்தன, இழுத்தால் கம்பி நெளிவு பிரிந்து நீண்டது. என்னைக் கையை மடக்கி வைத்துக்கொள்ளச் சொல்லி, அப்படியே ஊசி குத்தி அளவு பார்த்துத் தைத்தார் ஷமீமா. முக்கால் மணி நேரம், தையல் கூலி 60 ரூபாய். நூறு தடவை மடக்கி நீட்டினேன், எண்ணினேன். ஒரு கம்பியும் அறவில்லை.

"எதையாவது புடிச்சுப் பாருடா" என்று பாஸ்கர் தன் கையையே கொடுத்தான். அதிர்ந்தது. கத்தரிக்கோல், நூல் உருண்டை, தண்ணீர் பாட்டில். எல்லாம் அதிர்ந்தன, எல்லாம் ஒரே மாதிரி. சொல்ல மனமில்லாமல் சொன்னேன்: "பிடிச்சிருக்கேன்னு தெரியுது. எதைப் பிடிச்சிருக்கேன்னு தெரியல."

"அது அடுத்த வருஷம்" என்றான்.

என் மனைவி கலைவாணியும் யாழினியும் 11 மணி பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். காந்தி வீதி ஞாயிறு சந்தைக்குப் போனோம். சாலை நெடுக இரண்டு பக்கமும் துணியும் செருப்பும் பழைய போனும், நடுவில் தோளோடு தோள் உரசுகிற கூட்டம். யாழினி பழக்கப்படி இடப்பக்கம் வந்தாள். நான் வலக்கையை நீட்டினேன். அவள் கையுறையைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், பிறகு என் மூன்று விரல்களையும் சேர்த்துப் பிடித்தாள். அதிர்ந்தது.

"தெரியுதாப்பா?"

"தெரியுது. ஆனா பாஸ்கர் மாமா பிடிச்சாலும் இப்படித்தான் இருக்கும்."

அவள் கொஞ்ச தூரம் யோசித்துக்கொண்டே வந்தாள். பிறகு அழுத்தினாள். விட்டு, அழுத்தி, விட்டு, அழுத்தினாள். "மூணு தரம் அமுக்குனா நான்" என்றாள். ஒன்றரை மணி நேரம் அந்தக் கூட்டத்தில் நடந்தோம். வளையல் கடையில் அவள் கையை உருவிக்கொண்டபோது உடனே தெரிந்தது, திரும்பினேன். திரும்பி வந்து பிடித்தபோது மூன்று தரம். யாரோ என் காலை மிதித்தார்கள், யாரோ மணிபர்ஸைத் தொலைத்துவிட்டுக் கத்தினார்கள். அன்றைக்கு என்னைவிடச் சந்தோஷமாக அந்தச் சந்தையில் யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

என்னைப் போல உணர்வு போன கையோ காலோ உள்ளவர்கள் இப்படி எதையாவது செய்துபார்க்கப் போகிறீர்கள் என்றால் சில விஷயங்கள். அளவை மடக்கிய கையில் எடுங்கள், நீங்களே நேரில் போங்கள், தாள் அனுப்பாதீர்கள். தொழிற்பேட்டை ஞாயிறு மூடியிருக்கும், சனி மதியத்துக்குள் போய்விடுங்கள். முத்தியால்பேட்டைக்கு ஆட்டோக்காரர் 60 ரூபாய் கேட்பார், ஐந்து ரூபாய் டெம்போ அதே தெருமுனையில் இறக்கிவிடும். கையுறையைத் துவைக்க முடியாது, வியர்த்தால் உள்ளே அரிக்கிறது. இரண்டு பென்சில் பேட்டரி நாலு மணி நேரத்துக்குமேல் தாங்காது, கூடுதலாக ஒரு ஜோடி வைத்திருங்கள்.

நான் வைத்திருக்கவில்லை. நாலரை மணி பஸ்ஸில் ஏறினோம். திண்டிவனம் தாண்டியதும் மோட்டார்கள் இழுத்து இழுத்து அதிர்ந்து, பிறகு நின்றுவிட்டன. கலைவாணி தூங்கிவிட்டாள். யாழினி எனக்கு வலப்பக்கம், ஜன்னலோரம். அவள் வெளியே பார்த்துக்கொண்டே என் விரல்களைப் பிடித்திருந்தாள். அவளுடைய சின்ன விரல் முட்டிகள் ஒரு தரம் வெளுத்தன, இன்னொரு தரம், மறுபடி ஒரு தரம். கையில் எனக்கு ஒன்றுமே இல்லை.

"தெரியுதாப்பா?" என்றாள், திரும்பாமலே.

"தெரியுதும்மா" என்றேன், அவள் கையைப் பார்த்துக்கொண்டே.