நனையாத துணிகள்

சட்டை தைக்கும் தொழிற்சாலையின் வாசலில் பெண்களின் பைகளைச் சோதிப்பது அவள் வேலை. வேலை முடிந்து வெளியே போகிற ஒவ்வொருத்தியும் அவள் முன்னால் நின்று கைப்பையைத் திறந்து காட்ட வேண்டும், சாப்பாட்டு டப்பாவின் மூடியைக் கழற்ற வேண்டும், கையைத் தூக்கிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். துணி வெளியே போகாமல் பார்த்துக்கொள்ளத்தான் அவளுக்குச் சம்பளம். அங்கே அவளுக்கு ஸ்கேனர் என்று பெயர். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். பிறகு முகத்துக்கு நேராக. கடைசியில் மேனேஜரே அப்படிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார். அவள் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டாள்.

பிறக்கும்போதே அவள் அப்படி இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், காலர் தைக்கும் பிரிவில் இருந்த ஒரு பெண் அவளோடு ஒட்டிக்கொண்டாள். தினமும் ஃபிளாஸ்க்கில் டீ கொண்டுவந்து அவளுக்கென்று ஒரு டம்ளர் ஊற்றி வைப்பாள். தலை வலிக்கிறதா என்று கேட்பாள். அக்கா அக்கா என்று உயிரை விடுவாள். அதனால் அவளைச் சோதிக்கும்போது மட்டும் அக்காவின் கை கொஞ்சம் மேலோட்டமாகத் தடவியது. ஒரு நாள் வெளி வாசல் காவலாளி அவளை நிறுத்திப் பார்த்தபோது, டீ கொண்டுவரும் அதே ஃபிளாஸ்க்குக்குள் காலர்கள் சுருட்டி வைக்கப்பட்டிருந்தன. கூட்டுக் களவாணி என்று ஸ்கேனரையும் உள்ளே கூப்பிட்டு நிற்க வைத்து விசாரித்தார்கள். வேலை தப்பியதே பெரும்பாடாகிவிட்டது. அன்றைக்கு ஒன்று தெரிந்துகொண்டாள். முறைத்துக்கொண்டு போகிறவளை விட்டுவிடலாம், சிரித்துக்கொண்டு வருகிறவளைத்தான் நன்றாகப் பார்க்க வேண்டும்.

வீட்டிலும் அதே கண்தான். அவள் குடியிருந்தது லிஃப்ட் இல்லாத ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடி. கணவர் லாரி ஓட்டுகிறவர். மாதத்தில் சில நாட்கள்தான் வீட்டில் இருப்பார். மகளைக் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. பக்கத்து வீடுகளில் யார் இருக்கிறார்கள் என்பது அவளுக்கு அத்துப்படி, ஆனால் ஒருவரோடும் பேச்சு வார்த்தை கிடையாது. யார் எத்தனை மணிக்குப் போகிறார்கள், யார் வீட்டுக்கு விருந்தாளி வருகிறார்கள், இரண்டாம் மாடியில் தனியாக இருக்கும் கணக்கு வாத்தியார் எந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டு எங்கே போகிறார், எல்லாம் கதவின் கண்ணாடித் துளை வழியாகவும், படியில் ஏறி இறங்கும்போது ஓரக்கண்ணாலும் பார்த்தே தெரியும். வீட்டுச் சாவியை நாத்தனாரிடம்கூடக் கொடுத்தது இல்லை.

அந்த மழைக்காலத்தில்தான் தொல்லை ஆரம்பித்தது.

ஒரு மாலை வேலையில் இருக்கும்போதே வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. மொட்டை மாடியில் தன் வீட்டுக் கொடியில் காயப்போட்ட துணி எல்லாம் போச்சு என்று நொந்துகொண்டே வந்தாள். கதவுக் கைப்பிடியில் ஒரு பை தொங்கியது. உள்ளே அவள் துணிகள், காய்ந்து, மடித்து, கிளிப்புகள் தனியே ஒரு கவரில் போட்டு. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொன்றாக உதறிப் பார்த்தாள். ஒன்றும் குறையவில்லை. கணவரின் ஜோடி தவறிப்போகும் காலுறைகள்கூட ஜோடியாக இருந்தன. ஏதாவது குறைந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். எல்லாம் சரியாக இருந்ததுதான் அவளுக்குப் பிடிபடவில்லை.

அதோடு நிற்கவில்லை. கீழே வைத்துவிட்டுப் போகிற தண்ணீர் கேன் மூன்றாம் மாடிக்குத் தானாக ஏறி வந்து நின்றது. வெகுநாளாக எரியாத படிக்கட்டு விளக்கு ஒரு நாள் எரிந்தது. அவளுக்கு மட்டும் இல்லை, மற்ற வீடுகளுக்கும் இதே மாதிரி நடந்தது. படிக்கட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், ஆனால் யாரும் வாய் திறந்து கேட்கவில்லை. கேட்டால் பதிலுக்குத் தானும் ஏதாவது செய்ய வேண்டிவருமோ என்று ஆளாளுக்குப் பயம் போலிருக்கிறது.

ஸ்கேனருக்குத் தூக்கம் கெட்டது. வாடகையை ஏற்றுவதற்கு வீட்டுக்காரர் போடும் முன்னோட்டமா என்று பார்த்தாள். அந்த மனிதர் ஓட்டைக் குழாயையே மாற்றாதவர், துணி மடிப்பாரா. கணக்கு வாத்தியார் ஏதாவது சங்கத் தேர்தலில் நிற்கிறாரா என்று யோசித்தாள். எந்தெந்த வீட்டில் எப்போது ஆள் இல்லை என்று நோட்டம் விடும் கூட்டமாக இருக்குமோ என்று நினைத்தபோது எழுந்துபோய்த் தாழ்ப்பாளை இன்னொரு முறை பார்த்துவிட்டு வந்தாள். கொடியில் கிடக்கும் துணியைப் பார்த்தாலே போதுமே, வீட்டில் எத்தனை பேர், ஆண்பிள்ளை இருக்கிறாரா இல்லையா என்று சொல்லிவிடலாம்.

கணவர் வந்திருந்தபோது சொன்னாள். அவர் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். யாரோ நல்லது பண்ணியிருக்காங்க, விட்டுத் தொலையேன் என்றார்.

"நல்லது பண்றவங்க பேரச் சொல்லிட்டுப் பண்ண வேண்டியதுதானே? எதுக்கு ஒளிஞ்சு பண்ணணும்?"

"பேரச் சொன்னா மட்டும் நீ நம்பிடுவியா?"

அவள் அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் குழம்பை ஊற்றினாள். ஆனால் ஒளிந்திருந்து பார்த்துவிடுவது என்று முடிவு செய்துவிட்டாள்.

ஒரு மேகமூட்டமான நாளில் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, கொடி நிறையத் துணி காயப்போட்டுவிட்டு, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டாள். தூறல் விழுந்த உடனேயே படியில் செருப்புச் சத்தம் கேட்டது. வந்தவள் தரைத் தளத்தில் புதிதாகக் குடிவந்தவள். வயதில் ஸ்கேனரைவிட மூத்தவள், தலையைக் குனிந்தபடி வந்து போகிறவள், தனி ஆள். ஓடி ஓடி எல்லா வீட்டுத் துணியையும் எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, கூரை இருந்த மூலைக்குப் போய் நிதானமாக மடித்தாள். மடிக்கும்போது லாரிக்காரரின் பேன்ட் பைக்குள் கையை விட்டாள்.

இதோ, திருடி என்று நினைத்தாள் ஸ்கேனர். மாட்டிக்கொண்டாள். ஆனாலும் எழுந்திருக்கவில்லை. கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்றால் அவசரப்படக் கூடாது, பொருள் வாசலைத் தாண்ட வேண்டும். அவள் இறங்கிப் போகும்வரை நனைந்துகொண்டே காத்திருந்தாள். பிறகு தன் வீட்டு வாசலில் தொங்கிய பையைப் பிரித்து, அந்தப் பேன்ட்டின் பைக்குள் கையை விட்டாள். ஒரு பட்டன் இருந்தது. கணவரின் சட்டையிலிருந்து கழன்று கொடிக்குக் கீழே விழுந்திருந்த பட்டன். அதைப் பொறுக்கி உள்ளே போட்டிருக்கிறாள்.

எடுக்கிறவளைப் பற்றி ஸ்கேனருக்குத் தெரியும். வைக்கிறவளை அவள் பார்த்ததே இல்லை. அவளுக்கு இன்னும் பயமாகிவிட்டது. பட்டனை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டு நேராகக் கீழே போய்க் கதவைத் தட்டினாள்.

கதவு திறந்தது. என்ன வேணும் உங்களுக்கு, எங்கிட்டேந்து என்ன எதிர்பாக்கறீங்க என்று கேட்கத்தான் வாயைத் திறந்தாள். அதற்குள் அந்த அம்மாள், "வாங்க, உள்ள வாங்க" என்றாள்.

ஸ்கேனர் அப்படியே நின்றுவிட்டாள். அந்தக் குரல் அவளுக்குத் தெரியும். ஊரில் எல்லோருக்கும் தெரியும். பேருந்து நிலையத்தில் காலையும் மாலையும் கேட்கிற குரல். பயணிகளின் கனிவான கவனத்திற்கு என்று தொடங்கி, உங்கள் உடைமைகளைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள், முன்பின் தெரியாதவர்கள் தரும் எதையும் வாங்கி உண்ணாதீர்கள், சந்தேகப்படும்படி யாரையாவது கண்டால் உடனே தெரிவியுங்கள் என்று சொல்கிற குரல்.

"பஸ் ஸ்டாண்டு..." என்றாள் ஸ்கேனர்.

"ஆமா, நான்தான். இப்போ அங்க நான் இல்ல, என் குரல் மட்டும்தான் இருக்கு. எல்லாத்தையும் பேச வெச்சுப் பதிவு பண்ணிட்டு, போயிட்டு வாங்கன்னுட்டாங்க."

அறையில் ஒரு கட்டில், ஒரு மேசை, எதிரெதிராக இரண்டு நாற்காலிகள். ஸ்கேனரின் கண் பழக்க தோஷத்தில் சுற்றிலும் பார்த்தது. தனி ஆளுக்கு எதற்கு இரண்டு நாற்காலி? அந்த அம்மாள் டீ கொண்டுவந்து வைத்தாள். முன்பின் தெரியாதவர்கள் தருவதை வாங்கி உண்ணக் கூடாது என்று இதே வாய்தான் இத்தனை வருஷமாகச் சொல்லியிருக்கிறது. ஸ்கேனர் டம்ளரைத் தொடவில்லை. பட்டனை மேசையில் வைத்தாள்.

"எதுக்கு இதெல்லாம் பண்றீங்க? உண்மையச் சொல்லுங்க. சும்மா யாரும் பண்ண மாட்டாங்க."

அந்த அம்மாள் பட்டனை விரலால் ஒரு பக்கம் நகர்த்தினாள். "சும்மா பண்ணலதான்" என்றாள்.

ஸ்கேனர் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"வாழ்நாள் பூரா கண்ணாடிக் கூண்டுக்குள்ள உக்காந்து ஆயிரம் பேருகிட்ட பேசிட்டேன். யாரும் பதில் பேசினது கிடையாது. இங்க குடிவந்தப்புறம் பாத்தா, எனக்கு ஒரு ஆளுகிட்ட நின்னு பேச வரல. போய்க் கதவத் தட்டிட்டு என்ன சொல்றது? அதான், துணி, தண்ணி கேன், விளக்குன்னு எதையாவது செஞ்சு வெச்சா, யாராவது தேடிக்கிட்டு வந்து நீங்களா செஞ்சதுன்னு கேப்பாங்கன்னு நெனச்சேன்." தன் டீயை ஒரு வாய் குடித்தாள். "யாருமே வரல. நீங்கதான் மொத ஆளு."

ஒரு காரணம் இருக்கிறது என்று ஸ்கேனர் சந்தேகப்பட்டது சரிதான். ஆனால் பையில் தேடிப் பிடிக்கக்கூடிய காரணம் இல்லை அது. அந்த அம்மாள் இரண்டாவது வாய் குடிக்கும்வரை பொறுத்திருந்துவிட்டு, ஆறிப்போன டீயை எடுத்துக் குடித்தாள்.

அதற்காக அன்றே நம்பிவிட்டாள் என்று சொல்ல முடியாது. மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் பேருந்து நிலையத்தில் இறங்கி, குரல் அதே குரல்தானா என்று நின்று கேட்டாள். கண்ணாடிக் கூண்டு காலியாகக் கிடந்தது. அங்கிருந்த தேநீர்க் கடையிலும் அந்த அம்மாளைப் பற்றி விசாரித்துக்கொண்டாள். அதற்குப் பிறகும், கீழே போய் உட்கார்ந்து பேசிவிட்டு வரும்போதெல்லாம், வீட்டில் சாமான்கள் இருந்த இடத்தில் இருக்கின்றனவா என்று ஒரு நோட்டம் விடுவாள். ஆனால் போவதை மட்டும் நிறுத்தவில்லை. வீட்டுக்கு வரும் கணவர் பேசுவதைக்கூட அவள் இவ்வளவு நேரம் கேட்டது கிடையாது.

பிறகு ஒரு காலையில் வேலைக்கு இறங்கும்போது இரண்டாம் மாடியில் அவள் கால் நின்றது. கணக்கு வாத்தியாரின் செய்தித்தாள் கதவிடுக்கிலேயே இருந்தது. வெளியே போகும்போது போடும் செருப்பு வாசலிலேயே கிடந்தது. உள்ளே தண்ணீர் கொட்டும் சத்தம். தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகச் செலவழிக்கிற மனிதர் அவர். வேறு யாராவதாக இருந்தால் குளிக்கிறார் என்று போயிருப்பார்கள். ஸ்கேனர் கதவைத் தட்டினாள். தட்டிப் பார்த்துவிட்டு, காதை வைத்துக் கேட்டாள். தண்ணீர் மட்டும்தான் கேட்டது. ஓடிப்போய்க் கீழே சொன்னாள்.

அறிவிப்புக்கார அம்மாள் படிக்கட்டின் அடியில் வந்து நின்று, மேலே நிமிர்ந்து, மூச்சை இழுத்து, ஒலிபெருக்கியே இல்லாமல் சொன்னாள். "அனைவரின் கனிவான கவனத்திற்கு. இரண்டாம் மாடியில் வாத்தியார் கதவத் திறக்கல. ஆம்பளைங்க எல்லாரும் உடனே வரவும்."

அத்தனை கதவுகளும் திறந்தன. பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் பிரஷ்ஷோடு வந்தார், பாதி சட்டை போட்டவர் பாதியோடு வந்தார். இரண்டு பேர் தோளால் இடித்துத் தாழ்ப்பாளைப் பெயர்த்தார்கள். வாத்தியார் குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பு எலும்பு முறிந்து, குளிரில் உதடு நீலம் பாரித்துக் கிடந்தார். நினைவு இருந்தது, குரல் எழும்பவில்லை. போர்வையில் வைத்துப் படியிறக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

அவர் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் கட்டடமே பேச ஆரம்பித்துவிட்டது. யார் சாப்பாடு கொண்டுபோவது, யார் கூட இருப்பது என்று பேசித்தான் ஆக வேண்டியிருந்தது. துணியை எடுத்தது நீங்களா என்ற கேள்வியும் ஒருவழியாக அப்போதுதான் எல்லோர் வாயிலிருந்தும் வந்தது. அந்த அம்மாளின் இரண்டாவது நாற்காலி காலியாக இருக்கவில்லை.

வாத்தியார் வாக்கரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்த அன்று ஸ்கேனரைக் கூப்பிட்டு அனுப்பினார். நன்றி சொல்லத் தெரியாத மனிதர். சுவரைப் பார்த்துக்கொண்டே, அன்னைக்கு எதனால என் வாசல்ல நின்னீங்க என்று கேட்டார்.

"என்ன சார் சொல்றது. சந்தேகம்தான்."

வாத்தியார் தலையாட்டினார். "அப்ப தினமும் கொஞ்சம் சந்தேகப்படுங்கம்மா."

இப்போது காலையில் வேலைக்கு இறங்கும்போது அவள் அந்தக் கதவில் விரல் முட்டியால் தட்டுகிறாள். உள்ளேயிருந்து, இருக்கேன் என்று குரல் வருகிறது. சில நாட்களில் அந்தக் குரல் சற்று தணிந்து கேட்டால், அவள் போகாமல் நின்று இன்னொரு முறை தட்டுவாள்.